படிக்கட்டும் இரட்டைக் குவளையும்

[டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் நாளையொட்டி பாகூர் கொம்யூனில் ஒரு காலனியில் நடந்த கூட்டத்தில் பேசியது. சமுதாயக் கூடத்துக்குள் தொடங்கிய பேச்சு வெளியே புங்க மரத்தடியில் தொடர்ந்தது. பேச்சு நடையைப் பெரிதும் மாற்றாமல் எழுதித் தந்திருக்கிறேன்.]



பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வேண்டுகோள். இந்தக் கூடத்துக்கு மூணு படி இருக்கு. உள்ளே உக்காந்திருக்கிற நமக்கு அது தெரியல. படிக்குக் கீழே மூணு சக்கர வண்டியில ஒரு அக்கா உக்காந்திருக்காங்க. பக்கத்துல கட்டை ஊன்றிக்கிட்டு ஒரு தம்பி நிக்கிறார். ஒலிபெருக்கி வச்சிருக்கோம், காதுல விழும்னு நாம விட்டுட்டோம். யாருக்காக இந்தக் கூட்டமோ அவங்க வெளியில, நாம உள்ள. இது நல்லா இல்ல. அவங்கவங்க நாற்காலியைத் தூக்கிக்கிட்டு அந்தப் புங்க மரத்தடிக்குப் போயிடலாம். மைக் ஒயர் எட்டுமான்னு பாருங்க. எட்டலைன்னா மைக் இல்லாமலே பேசுறேன்.

(எல்லோரும் வெளியே வந்த பிறகு)

நல்லது. இதை ஏதோ என் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் வங்கியில் எழுத்தர். நேரம் கிடைத்தால் கவிதை எழுதுவேன். வேலையில் சேர்ந்த புதிதில் என்னை ஒரு கிராமத்துக் கிளையில் போட்டார்கள். வங்கி பெயரும் வேண்டாம், ஊர் பெயரும் வேண்டாம். வாடகைக் கட்டடம். வாசலில் ஐந்து படி. அந்த ஊர்ச் சேரியிலிருந்து ஓர் அம்மா மாதாமாதம் உதவித்தொகை வாங்க வருவார்கள். சின்ன வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து இரண்டு காலும் சூம்பிப் போனவர்கள். கையில் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு தரையில் தவழ்ந்துதான் வருவார்கள். முதல் மாதம் ஐந்து படிக்குக் கீழே நின்று, நின்று என்று சொல்வதுகூடத் தப்பு, உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காவலாளியிடம் மேலாளர் சொன்னார்: "கொஞ்சம் தூக்கி விடுப்பா." காவலாளி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார். அவர் என்ன சாதி, அந்த அம்மா எந்தத் தெரு என்று நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எனக்குக் கோபம் வந்தது. நான் இறங்கிப் போய், "நான் தூக்குறேம்மா" என்றேன். "வாணாம் தம்பி. ஊரு பாக்கச் சொல்ல என்னைத் தூக்கினு போவாத" என்றார்கள். சரி, அப்படியானால் நீங்கள் ஏறவே வேண்டாம் என்று, செலானையும் மைப்பெட்டியையும் நானே எடுத்துக்கொண்டு ரோட்டோரம் பூவரச மரத்தடிக்குப் போய் ரேகை வாங்கினேன். பணத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்தேன். இரண்டு வருஷம் மாதாமாதம் இப்படித்தான் நடந்தது. மேலாளர் பாராட்டினார். வாடிக்கையாளர்கள், "சார் மாதிரி வருமா" என்றார்கள். வெட்கத்தோடு சொல்கிறேன், இதைப் பற்றி ஒரு கவிதை எழுதி ஒரு சிறுபத்திரிகையில் அச்சாகவும் செய்தது.

ஒரு நாள் ரேகை வைத்துவிட்டுக் கட்டைவிரலைச் சேலையில் துடைத்தபடி அந்த அம்மா சொன்னார்கள்:

"தம்பி, எங்கப்பாரு காலத்துல டீக்கடையில நமக்கு வெளியிலதான் டீ. கொட்டாங்கச்சியில ஊத்துவானாம். பொறவு தனி கிளாசு வச்சானாம். நீ மரியாதையாத்தான் குடுக்குற, நான் இல்லேங்கல. ஆனா வெளியிலதான குடுக்குற? உள்ள எப்பிடி இருக்கும்னு ஒரு நாளு பாக்கணும்."

என் முகத்தில் யாரோ அறைந்த மாதிரி இருந்தது. இரட்டைக் குவளையை எதிர்த்துப் பேசி வளர்ந்தவன் நான். இரண்டு வருஷமாக நானே ஒரு குவளையை வெளியே வைத்து ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்போடு ஊற்றினேன் என்பதால் அது வேறு குவளை ஆகிவிடாது.

அன்றைக்குத்தான் உட்கார்ந்து கேட்டேன், வெளியே வாங்குவதில் என்ன கஷ்டம் என்று. அந்த அம்மா அடுக்கினார்கள். பணத்தை எண்ணுவதைப் பார்க்க முடியாது. நான் கொடுத்ததுதான் கணக்கு. தெருவில் உட்கார்ந்து வாங்குவதால் எவ்வளவு வந்தது என்று ஊருக்கே தெரியும், பொழுது சாயறதுக்குள் கைமாத்து கேட்டு ஆள் வந்துவிடும். ஆட்டுக்கடன் கேட்க வேண்டும் என்று ஒரு வருஷமாக நினைப்பு. அதை யாரிடம் கேட்பது? மேலாளர் உள்ளே இருக்கிறார். நான் ஒருவன் லீவு போட்டால் அந்த மாதம் இரண்டு தடவை வந்து திரும்ப வேண்டும். ஐந்து படி என்றால் வெறும் ஐந்து படி இல்லை, தோழர்களே. இத்தனை சமாசாரமும் அதற்குள் இருக்கிறது.

கட்டட உரிமையாளரிடம் பேசினோம். வாசல் அழகு கெட்டுவிடும் என்றார். பல மாதம் கழித்து ஒரு சாய்தளம் போட்டார். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. காரணம் சொல்கிறேன். இது கொஞ்சம் கணக்கு. மாணவத் தோழர்கள் நோட்டில் குறித்துக்கொள்ளலாம்.

ஒரு சாய்தளம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அளவு இருக்கிறது. ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஓர் அடி உயரம் ஏற வேண்டுமானால் 12 அடி நீளம் வேண்டும். அப்போதுதான் சக்கர நாற்காலியில் இருப்பவர் தன் கையால் தள்ளி ஏற முடியும். படி ஒன்று ஆறு அங்குலம் என்றால் ஐந்து படி இரண்டரை அடி. அதற்கு 30 அடி நீளம் தேவை. ஒரே ஓட்டமாக இடம் இல்லாவிட்டால் மடக்கிப் போடலாம். மடங்கும் இடத்தில் நின்று மூச்சு வாங்கச் சமதளம் விட வேண்டும். இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும். மழையில் வழுக்காத தரை வேண்டும். அந்த உரிமையாளர் போட்டது ஆறு அடி நீளம். இரண்டரை அடி உயரத்துக்கு ஆறு அடி! பிள்ளைகள் பூங்காவில் சறுக்குமரம் விளையாடலாம், அதற்குத்தான் ஆகும். அவருடைய மோட்டார் சைக்கிள் மட்டும் அதில் ஜம்மென்று ஏறியது. அந்த அம்மா ஒரு தடவை முயன்று பார்த்துப் பாதியில் சறுக்கி, முழங்கை தேய்ந்து திரும்பினார்கள். எனக்கு மாற்றல் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்தவரை அந்தக் கவுண்டரை அவர்கள் பார்க்கவில்லை. அதுதான் என் கடன்.

சாய்தளம் என்று ஏதோ ஒன்றைப் போட்டுவிடுவது வேறு, அளவுப்படி போடுவது வேறு. கதவு எவ்வளவு அகலம்? 900 மில்லிமீட்டர், ஏறத்தாழ மூன்றடி. நம் ஊர்க் கட்டடங்களில் கழிப்பறைக் கதவு இரண்டரை அடிகூட இருப்பதில்லை. சக்கர நாற்காலி முழுசாகத் திரும்ப 1500 மில்லிமீட்டர், ஐந்தடி இடம் வேண்டும். பார்வையற்றவருக்குத் தரையிலேயே வழி சொல்லும் ஓடு இருக்கிறது. கோடு கோடாக இருந்தால் இந்தப் பக்கம் போ என்று அர்த்தம். பொட்டுப் பொட்டாக இருந்தால் நில், முன்னால் படியோ பள்ளமோ இருக்கிறது என்று அர்த்தம். நகரத்து ரயில் நிலையங்களில் மஞ்சள் நிறத்தில் பார்த்திருப்பீர்கள். அழகுக்குப் பதித்தது என்று நினைத்து அதன்மேல் மூட்டையை வைப்போம். காது கேளாதவருக்கு எழுத்தில் அறிவிப்பு வேண்டும். வங்கியில் பணம் எடுக்கும் எந்திரத்துக்கும் விதி உண்டு. 2014 சூலை முதல் நிறுவும் புது எந்திரங்கள் எல்லாம் பேச வேண்டும், பொத்தானில் பிரெயில் வேண்டும், பழையது புதியது எல்லாவற்றுக்கும் சாய்தளம் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. 2017-இல் எழுபது வயது கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே போய்ச் சேவை செய்யச் சொன்னது. படுக்கையில் கிடப்பவருக்கு அது தேவை, வரவேற்கிறேன். ஆனால் வர விரும்புகிறவரைப் பார்த்து, 'நீங்க ஏன் வரீங்க, நாங்களே வீட்டுக்கு வர்றோமே' என்று சொல்லிவிட்டுப் படியை அப்படியே வைத்திருந்தால் அது நான் செய்த அதே வேலைதான்.

இது மாற்றுத்திறனாளிகள் பிரச்சினை, தலித் இயக்கத்துக்கு இதில் என்ன என்று இந்தக் கூட்டத்துக்கு வரும் வழியில் ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. இரண்டு பதில் சொல்கிறேன்.

முதல் பதில் எண்ணிக்கை. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். மொத்த மக்களில் 100-க்கு 2.21. பட்டியல் சாதியினரில் மட்டும் எடுத்தால் 100-க்கு 2.45. நம்மில் கூடுதல். கடவுள் நம்மைத் தேடிப் பிடித்து ஊனப்படுத்தவில்லை. சத்தில்லாத கர்ப்பம், நேரத்துக்குப் போய்ச் சேராத பிரசவம், மூட்டை, கரும்பு லோடு, சாரத்திலிருந்து விழுந்த முதுகு, சாக்கடைக் குழி. சாதி எந்த வேலையைக் கொடுத்ததோ அந்த வேலை உடம்பை எடுத்துக்கொண்டது.

இரண்டாவது பதில் வரலாறு. பொது இடத்துக்குள் நுழைவது என்ற போராட்டத்தை இந்த நாட்டில் தொடங்கியவர்கள் யார்? 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம் எதிலும் எந்தச் சாதியாரும் போகலாம், தடுக்கக் கூடாது என்று. அரசு அதை ஆணையாகவும் வெளியிட்டது. அன்றைக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன் ஆட்சி. பாகூர் பக்கம் நாலு வயல் நடந்தால் எல்லை மாறும். ஆணை அந்தப் பக்கத்து வயலோடு நின்றது. அந்தப் பக்கத்திலும் காகிதத்தில்தான் நின்றது என்பது வேறு விஷயம். பம்பாயிலும் இதே கதை. 1923-இல் சட்டமன்றத்தில் போலே தீர்மானம் நிறைவேறியது. மகாடு நகராட்சியும் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. ஆனாலும் ஒரு தலித்கூட அந்தக் குளத்தில் கை நனைக்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்து போய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தபோதுதான் தீர்மானம் தண்ணீரைத் தொட்டது.

'திறந்திருக்கிறது' என்று எழுதி வைப்பதற்கும் உள்ளே போக முடிவதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று நமக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்குத் தெரியும்? படி வைத்த கட்டடமும் திறந்துதான் இருக்கிறது. 'யாரும் வரலாம், நாங்கள் தடுக்கவே இல்லையே' என்கிறான். அதையே மகாடில் சொன்னான்.

நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். பாகூரில் 9-ஆம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில் ஒரு கல்விச்சாலை இருந்தது. மூன்று ஊர்களை அதற்கு எழுதி வைத்ததாகச் செப்பேடு சொல்கிறது. பெருமையாகப் பாடம் நடத்துகிறார்கள். வேதம் படிக்க அமைந்த அந்தச் சாலையின் வாசலை நம் பாட்டன் தாண்டியிருப்பானா என்று எந்தப் பாடத்திலும் கேள்வி கிடையாது. வில்லியனூருக்குப் போங்கள். திருக்காமீசுவரர் கோயில் தேர். பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்து கவர்னர் வந்து வடம் பிடிக்கிற தேர். அந்தத் தேர் ஓட வீதி எவ்வளவு அகலம், முனையில் திரும்ப எவ்வளவு இடம் என்று பாருங்கள். சக்கரத்துக்கு எவ்வளவு வளைவு வேண்டும் என்பது இந்தச் சமூகத்துக்குத் தெரியாத கணக்கு இல்லை. சாமியின் சக்கரத்துக்குத் தெருவையே அளந்து விட்டவர்களுக்கு மனுசன் சக்கரத்துக்கு ஐந்தடி விடத் தெரியவில்லை என்றால், அது அறியாமை இல்லை. யார் வெளியே வரலாம், யார் வீட்டோடு கிடக்க வேண்டும் என்று பொதுப்புத்தி ஏற்கனவே முடிவு செய்துவிட்டது. கட்டடம் அந்த முடிவைச் சிமெண்டில் எழுதுகிறது.

இனி சட்டத்துக்கு வருகிறேன். சட்டம் இல்லாமல் இல்லை. 1995-இல் ஒரு சட்டம். சாய்தளம், கழிப்பறை, பிரெயில் எல்லாம் அதில் இருந்தது. கூடவே, 'பொருளாதார வசதிக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு' என்று ஒரு வாலும் இருந்தது. பண்ணையார் கூலி உயர்வைப் பற்றி, 'பாத்துச் செய்யலாம் போ' என்பாரே, அந்த வால். 2007-இல் இந்தியா ஐ.நா. உடன்படிக்கையை ஏற்றது. 2016-இல் புதிய சட்டம் வந்து, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இதில் மூன்று விஷயம் நமக்கு ஆயுதம்.

ஒன்று, பொதுக் கட்டடம் என்றால் என்ன என்பதற்கு விளக்கம். அரசுக் கட்டடம் மட்டும் இல்லை, பொதுமக்கள் புழங்கும் தனியார் கட்டடமும் சேர்த்தி. கடை, மருத்துவமனை, பேருந்து நிலையம், வழிபாட்டு இடம், நீதிமன்றம், சீர்திருத்தச் சாலை வரை. பேராசிரியர் சாய்பாபாவை நினைத்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலியில் வாழ்ந்த மனிதர். 2014-இல் கைது செய்து, பின்னர் நாக்பூர் சிறையின் தனிக்கொட்டடியில் ஆண்டுக்கணக்காக வைத்தார்கள். 2024 மார்ச்சில் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. அக்டோபரில் இறந்துபோனார். சக்கர நாற்காலி திரும்பாத அறையில் ஒருவரை அடைப்பது தண்டனைக்குள் இன்னொரு தண்டனை.

இரண்டு, காலக்கெடு. அளவுப்படி இல்லாவிட்டால் கட்டட அனுமதி கிடையாது, முடிப்புச் சான்றிதழும் கிடையாது. பழைய பொதுக் கட்டடங்களை விதிகள் வந்த ஐந்து ஆண்டுக்குள் மாற்ற வேண்டும். விதிகள் வந்தது 2017 சூன். ஐந்து ஆண்டு 2022-லேயே முடிந்துவிட்டது. மீறினால் முதல் தடவை பத்தாயிரம் வரை அபராதம். அடுத்தடுத்த தடவை ஐம்பதாயிரத்திலிருந்து ஐந்து லட்சம் வரை.

மூன்று, 92-ஆவது பிரிவு. பொதுப் பார்வையில் ஒரு மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. இந்த வாசகத்தை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். ஏறத்தாழ அதே சொற்கள், அதே தண்டனை. நாம் ரத்தம் சிந்திப் பெற்ற சட்டத்தின் மொழி இன்னொரு கூட்டத்துக்குக் கவசமாகியிருக்கிறது. இதைவிட உறவுக்கு என்ன சான்று வேண்டும்?

இவ்வளவு இருந்தும் ஏன் நடக்கவில்லை? பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005-இல் உச்சநீதிமன்றம் போனார். 2017-இல் ஒரு தீர்ப்பு வந்தது. 2024 நவம்பர் 8-இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. அதில் நீதிமன்றம் ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொன்னது. சட்டம் கட்டாயம் என்கிறது. விதியோ சில வழிகாட்டு நெறிகளைச் சுட்டிக்காட்டுகிறது. அந்த நெறிகள் பெரும்பாலும் பரிந்துரைகள். நான் எழுதுகிறவன், விகுதிகளைப் பார்ப்பது என் புத்தி. சட்டத்தில் 'வேண்டும்' என்று இருப்பது நெறிக்கு வரும்போது 'லாம்' ஆகிவிடுகிறது. செய்யலாம், வைக்கலாம், அமைக்கலாம். அந்த 'லாம்' சட்டத்துக்கே முரண் என்று சொல்லி விதியைச் செல்லாது என்றது நீதிமன்றம். மீறக்கூடாத குறைந்தபட்ச அளவுகளைத் தனியாகப் பிரித்து மூன்று மாதத்துக்குள் கட்டாய விதியாக்கு என்று ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. தோழர்கள் இந்தத் தீர்ப்பைப் படிக்க வேண்டும். 'கூடாது' என்று எழுதாமல் 'தவிர்க்கலாம்' என்று எழுதியே தீண்டாமையைப் பாதுகாத்த நாடு இது.

ஆனால் தீர்ப்பும் கட்டடத்தின் வாசலில்தான் நிற்கிறது. நாம் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. ஒருவர் வீட்டைவிட்டுக் கிளம்பி ஓர் அலுவலகத்துக்குப் போய்த் திரும்புவது ஒரு சங்கிலி. வீட்டு வாசல், சந்து, ரோடு, பஸ், அலுவலக வாசல், கவுண்டர், கழிப்பறை. ஒரு கண்ணி அறுந்தால் மற்றதெல்லாம் வீண். நகரத்தில் கடைசிக் கண்ணி அறுந்திருக்கிறது. காலனியில் முதல் கண்ணியே இல்லை. அரசு கட்டிக் கொடுத்த வீட்டுக்கு இரண்டடி உயரத் தளம், ஏற இரண்டு படி. சந்தில் மூடாத வாய்க்கால். மழை பெய்தால் சேறு. மெயின் ரோட்டுக்கு வந்தால் பஸ்ஸின் முதல் படி முழங்கால் உயரம். பாகூரிலிருந்தோ வில்லியனூரிலிருந்தோ புதுச்சேரிக்குப் போகிற பஸ்ஸில் ஏறி இறங்குவது நல்ல காலுக்கே சர்க்கஸ். மூணு சக்கர வண்டியை எங்கே ஏற்றுவது? அளவுப்படி கட்டிய அலுவலகம் ஒன்று ஊருக்கு நடுவில் இருந்தாலும் சேரியிலிருந்து அதுவரைக்கும் வழி இல்லையென்றால் அது யாருக்குக் கட்டியது?

2024 நவம்பர் 30 இரவு யாருக்கும் மறந்திருக்காது. ஃபெஞ்சல் புயல். புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து பாகூர் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தது. என் தாய்மாமன் பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்தவர். அந்த இரவில் நானும் என் தம்பியும் கயிற்றுக் கட்டிலோடு அவரைத் தூக்கிக்கொண்டு போனோம். தங்கச் சொன்ன இடம் ஒரு பள்ளிக்கூடம். மேட்டில் கட்டியது, படி ஏழு. கட்டிலைச் சாய்த்து ஏற்றும்போது மாமா பயத்தில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே போய்ச் சேர்ந்தோம். கழிப்பறை பின்பக்கம், தனிக் கட்டடம், தண்ணீருக்கு நடுவில். மாமா இரண்டு நாள் சாப்பிட மறுத்தார். காரணத்தைச் சொல்ல வெட்கப்பட்டார். புயல் வந்தால் தப்பிக்கிற கட்டடம் எல்லாருக்கும் பொது என்றால் அதன் படியும் கழிப்பறையும் எல்லாருக்கும் பொதுவாக இருக்க வேண்டாமா?

கழிப்பறை என்றதும் பெண்களைச் சொல்ல வேண்டும். கட்டை ஊன்றிப் பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண்பிள்ளை என்னிடம் சொன்னாள், "காலையிலேருந்து தண்ணி குடிக்க மாட்டேண்ணா. குடிச்சா போவணும். அங்க உக்கார முடியாது, புடிச்சிக்கக் கம்பி இல்ல." கைப்பிடிக் கம்பியும் உட்காரும் கோப்பையும் இல்லாததால் ஒரு பிள்ளை நாள் முழுக்கத் தாகத்தோடு படிக்கிறது. இப்படித்தான் படிப்பு நிற்கிறது. அப்புறம், 'அது படிக்கல, ஊனம்' என்று ஊர் சொல்லும்.

இனி நம்மைப் பற்றி. அடுத்தவனைத் திட்டிவிட்டு இறங்குவது சுலபம்.

காந்தியார் நமக்கு ஹரிசன் என்று பெயர் வைத்தார். கடவுளின் பிள்ளைகள். 1938-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் அந்தச் சொல்லைச் சட்டத்தில் புகுத்தியபோது அம்பேத்கரும் அவர் கட்சியினரும் வெளிநடப்பு செய்தார்கள். 2015 டிசம்பரில் பிரதமர் வானொலியில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு பெயர் சொன்னார். திவ்யாங். தெய்வீக உறுப்பு கொண்டவர்கள். ஒரு வார்த்தைதான் மாறியிருக்கிறது, வைத்தியம் அதே வைத்தியம். உரிமையைக் கேட்டால் தெய்வத்தின் பெயரைக் கொடுப்பார்கள். இதை நாம் உடனே கண்டுபிடித்துவிடுவோம்.

ஆனால் நம் மொழி என்ன? நம் மேடையில், 'குருட்டுச் சட்டம்', 'செவிட்டு அரசு', 'ஊமைச் சனம்', 'முடமான சனநாயகம்' என்று எத்தனை தடவை கைதட்டு வாங்கியிருக்கிறோம்! என் முதல் தொகுப்பில் இப்படிப் பதினோரு இடம் இருந்தது. எண்ணிச் சொன்னவர் பார்வையற்ற ஒரு நண்பர். யாரோ படித்துக் காட்டக் கேட்டிருக்கிறார். "உங்க சாதிப் பேரை வசவாச் சொன்னா அடிக்கப் போறீங்க. என் கண்ணை வசவாக்கிக் கவிதை எழுதுறீங்களே" என்றார். பதில் இல்லை என்னிடம். மறுபதிப்பில் மாற்றினேன். மாற்றியதால் கவிதை ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

நம் இயக்கத்தின் கூட்டங்கள் எங்கே நடக்கின்றன? வாடகை மலிவு என்று மாடியில். பயிற்சி முகாம்? மேலே, குறுகலான படிக்கட்டு. இத்தனை வருஷத்தில் மூணு சக்கர வண்டியில் வந்த ஒரு தோழரை நம் பொறுப்பாளர் பட்டியலில் பார்த்திருக்கிறீர்களா? அவர்கள் வரவில்லை என்கிறோம். ஊர்க்காரன் நம்மைப் பார்த்துச் சொன்ன அதே வாக்கியம்.

சரி, என்ன செய்யலாம்? இல்லை, என்ன செய்ய வேண்டும்?

யாரிடம் கேட்பது என்பதே இங்கே ஒரு சிக்கல். புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அவர்கள் காலம் 2011-இல் முடிந்தது. அதன் பிறகு கொம்யூன் பஞ்சாயத்துகளை ஆண்டுக்கணக்காக அதிகாரிகளே நடத்தினார்கள். தட்டிக் கேட்க நம் ஓட்டு வாங்கிய ஆள் இல்லை. வாக்குச்சாவடிக்குச் சாய்தளம் போடச் சொல்லி 2004-இல் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. தேர்தல் அன்றைக்குப் பலகை வரும். மறுநாள் காணாமல் போகும். ஒரு நாள் பலகை போட முடிகிறவர்களால் மற்ற நாளும் போட முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

ஆகவே நாமே அளப்போம். வில்லியனூர், பாகூர் இரண்டு கொம்யூனிலும் ஒவ்வொரு ஊருக்கும் மூன்று மாணவர்கள், கூடவே ஒரு மாற்றுத்திறனாளி. அவர்தான் தலைமை. அளவுநாடா பிடிக்கிறவர் நாம், எங்கே அளக்க வேண்டும் என்று சொல்கிறவர் அவர். பள்ளி, அங்கன்வாடி, சுகாதார நிலையம், ரேஷன் கடை, பஞ்சாயத்து அலுவலகம், வங்கி, நூலகம், கோயில், சுடுகாட்டுப் பாதை வரை. படி உயரம், சாய்தள நீளம், கதவு அகலம், கழிப்பறைக் கம்பி. காலனி வாசலிலிருந்து அந்தக் கட்டடம் வரை உள்ள வழியையும் எழுத வேண்டும். 2017-க்குப் பிறகு கட்டியதாக இருந்தால் முடிப்புச் சான்றிதழ் யார் கொடுத்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க வேண்டும். பட்டியலை மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையருக்கு அனுப்ப வேண்டும். நகல் எடுத்து ஊரில் ஒட்ட வேண்டும்.

முதல் கட்டடத்தை இப்போதே அளந்துவிட்டேன். நாம் எழுந்து வந்த இந்தச் சமுதாயக் கூடம். நீங்கள் நாற்காலி தூக்கிக்கொண்டிருந்தபோது என் கைச்சாணால் பார்த்தேன். மூணு படி, ஒன்றரை அடி உயரம். ஒன்றுக்குப் பன்னிரண்டு கணக்கில் 18 அடி நீளம் வேண்டும். இடம் இருக்கிறதா? இடது பக்கம் சுவர். வலது பக்கம் 20 அடி தாராளமாக இருக்கிறது. ஆனால் அந்த இடத்தின் நடுவில் நம் கொடிக்கம்பம் நிற்கிறது. பீடம் கட்டி, டைல்ஸ் ஒட்டி, கீழே பெயரெல்லாம் பொறித்திருக்கிறோம். அந்தக் கொடியை அங்கே ஏற்ற என்ன பாடுபட்டோம், எத்தனை பேர் மேல் வழக்கு வந்தது என்று எனக்கும் தெரியும்.

அதைப் பத்தடி தள்ளி நட வேண்டும். அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக இதை வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கூட்டமும் இந்த மரத்தடியில்தான். சாய்தளம் முடிகிற வரை உள்ளே போக வேண்டாம்.

ஜெய்பீம்.